மூச்சு விடும் தொட்டி: மாடித்தோட்டக்காரர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினோரு வருடமாகச் செடி வளர்க்கிறேன். நாற்று மிஞ்சினால் அக்கம்பக்கம் கொடுப்பேன். கொடுத்த நாற்று செத்துப்போனால் அவர்கள் என்னிடம்தான் வருவார்கள். பத்தில் ஏழு பேர் விதையையும் உரத்தையும் குறை சொல்வார்கள். போய்ப் பார்த்தால் தொட்டிக்குள் வேர் மூச்சுமுட்டிக் கிடக்கும். ஒரே சந்தேகத்தைப் பலர் வாயால் கேட்டுக் கேட்டு, கேட்டபடியே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அவைதான் இவை.

செடிக்கு இலைதானே மூச்சு விடும்? வேருக்கு எதுக்குக் காத்து?

வேரும் உயிருள்ள பாகம்தான். இலை வெயிலில் சர்க்கரை தயாரித்துக் கீழே அனுப்புகிறது. வேர் அதை ஆக்சிஜன் உதவியோடு எரித்து, அதில் கிடைக்கும் சக்தியில்தான் வளர்கிறது, சத்தை உறிஞ்சுகிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் அந்த வேலை நின்றுவிடும். தரையில் நட்ட செடிக்கு மண்புழுவும் எறும்பும் பழைய வேர் மக்கிய ஓட்டைகளும் காற்றுக்கு வழி திறந்து வைத்திருக்கும். தொட்டியில் அதெல்லாம் கிடையாது. மண் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் வேருக்கு ஜன்னல்.

அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் ஜன்னல் அடைபட்டது போலத்தான். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பரவுவது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. அதனால்தான் மண் ஈரமாக இருக்கும்போதே சில செடிகள் வாடித் தொங்குகின்றன. வேர் திணறுவதால் தண்ணீரை மேலே தள்ள முடியவில்லை. நாம் வாடியதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறோம்.

மூச்சு விடும் தொட்டின்னா என்னக்கா, நிறைய ஓட்டை போட்ட தொட்டியா?

ஓட்டை தண்ணீர் வடிவதற்கு. மூச்சு விடுவது தொட்டியின் சுவர். சுவரே நுண்ணிய துளைகளால் ஆனதாக இருந்து, அதன் வழியாக ஈரம் ஆவியாகி வெளியே போகவும் காற்று உள்ளே வரவும் முடிந்தால் அது மூச்சு விடும் தொட்டி.

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானை வியர்த்து, அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. பூச்சு பூசாத மண் தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. சுவர் வழியாக ஈரம் வெளியேறினால் அது விட்ட இடத்தில் காற்று வந்து உட்காரும். வேரும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் சுவர் எவ்வளவு மூச்சு விட்டாலும் அடியில் ஓட்டை இல்லையென்றால் அது தொட்டியே இல்லை, தண்ணீர்ப் பானை. இரண்டும் வேண்டும்.

நான் வாங்கினது குரோ பேக். அப்ப அது மூச்சு விடும்தானே?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. குரோ பேக் என்ற ஒரே பெயரில் கடையில் மூன்று வேறு சாமான்கள் விற்கின்றன.

முதலாவது, பச்சை நிறத்தில் தார்ப்பாய் போல இருக்கும் எச்டிபிஇ பை, அதாவது ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளே பின்னல் தெரியும், ஆனால் பின்னலின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பார்கள். அந்தப் படலம் காற்றை விடாது. இரண்டாவது, வெளியே வெள்ளையும் உள்ளே கருப்புமாக இருக்கும் பாலித்தீன் பை. நாற்றங்கால் கவரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் விடாது. மூன்றாவது, கம்பளி மாதிரி சொரசொரப்பாக, நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணிப் பை. ஜியோ ஃபேப்ரிக் பை என்று கேட்டால் தருவார்கள். இது மட்டும்தான் நிஜமாக மூச்சு விடும்.

சந்தேகமாக இருந்தால் பையின் ஒற்றைச் சுவரை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் கையில் காற்றுப் பட்டால் அது மூச்சு விடும் பை. பச்சைப் பை கெட்டது என்று சொல்லவில்லை. என் மாடியில் பாதிக்குப் பாதி அதுதான் நிற்கிறது. உழைக்கும், தூக்கி மாற்றக் கைப்பிடியும் உண்டு. அதைப் பிளாஸ்டிக் தொட்டி என்று நினைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். துணிப் பை என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினால் அடியில் சேறாகிவிடும்.

மண் தொட்டி எல்லாமே ஒண்ணுதானே? கடையில நின்னு எதைப் பார்த்து வாங்குறது?

ஒன்றில்லை. வெளிப்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில விநாடிகளில் உறிஞ்சி இருண்ட புள்ளியாகப் பதிந்தால் நல்ல தொட்டி. உருண்டு வழிந்தால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். பளபளவென்று மின்னும் பீங்கான் வகைத் தொட்டிகள் மண்ணால் செய்தவைதான் என்றாலும், மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு சுவரை அடைத்துவிடுகிறது. பார்க்க அழகு; வேருக்கு அதுவும் பிளாஸ்டிக்கும் ஒன்று.

அப்புறம் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த தொட்டி 'டங்' என்று ஒலிக்கும். கீறல் விட்டிருந்தால் சத்தம் மந்தமாக வரும். மானாமதுரைப் பக்கம் பானை வாங்கும் பாட்டிகள் இப்படித் தட்டித்தான் எடுப்பார்கள். அந்தப் பழக்கம் தொட்டிக்கும் பொருந்தும். வாங்கி வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த தொட்டியில் நேராகச் செடி வைத்தால், நீங்கள் ஊற்றும் முதல் தண்ணீரைச் செடிக்கு முன்னால் தொட்டி குடித்துவிடும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. மண், துணி, சிமென்ட், பிளாஸ்டிக், இதுல எது நல்லது?

சுத்தி வளைக்காமல் சொன்னால், உங்கள் கையைப் பொறுத்தது. தண்ணீர் ஊற்றுவதில் இரண்டு வகைக் கை உண்டு. சிலர் செடியைப் பார்த்தாலே சொம்பை எடுப்பார்கள், என் மாமியார் மாதிரி. அவர்களுக்கு மண் தொட்டியும் துணிப் பையும் உயிர் காக்கும். அதிகமாக ஊற்றியதைச் சுவரே வெளியே அனுப்பிவிடும். சிலர் வேலைக்குப் போய்விட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் மாடிக்கு ஏறுவார்கள். அவர்கள் எல்லாச் செடியையும் துணிப் பையில் வைத்தால் மே மாத வெயிலில் எதுவும் தேறாது. அவர்களுக்குப் பிளாஸ்டிக் தொட்டியும் பச்சைப் பையுமே மேல்.

மூச்சு விடும் திறன் மட்டும் என்றால் துணிப் பைதான் முதலில், அடுத்தது மண் தொட்டி, சிமென்ட் வெகுதூரம் பின்னால், பிளாஸ்டிக் கடைசி. சிமென்ட் தொட்டி கொஞ்சம் ஈரம் உறிஞ்சும், ஆனால் சுவர் தடிமன், கனமோ கேட்கவே வேண்டாம். புதிய சிமென்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்புத்தன்மை மண்ணில் இறங்கும். தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றி ஒரு வாரமாவது ஊறவிட்டுத்தான் செடி வைக்க வேண்டும்.

துணிப் பையில வேர் நுனி காத்துல காஞ்சு செத்துப்போகுமாமே. அது செடிக்குக் கெடுதல் இல்லையா?

கேட்க அப்படித்தான் இருக்கும். மிளகாய்ச் செடியிலும் செவ்வந்தியிலும் நுனியைக் கிள்ளிவிடுகிறோமே, எதற்கு? பக்கக் கிளை வெடிக்கட்டும் என்றுதானே. வேருக்கும் அதே கணக்கு. துணியைத் தொட்ட வேர் நுனி அங்கே உலர்ந்த காற்றைச் சந்தித்ததும் காய்ந்து நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருந்து பல மெல்லிய பக்க வேர்கள் கிளம்பும். சத்தையும் தண்ணீரையும் உறிஞ்சுவது அந்த மெல்லிய வேர்கள்தான். இதைத்தான் ஏர் புரூனிங் என்கிறார்கள். காற்றே வேரைக் கிள்ளிவிடுகிறது.

பிளாஸ்டிக் தொட்டியில் வேர் சுவரை முட்டியதும் திரும்பி, சுவரை ஒட்டியே வட்டம் போடும். ஒரு வருடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் முறுக்கு பிழிந்த மாதிரி சுற்றியிருக்கும். நடுவில் இருக்கும் மண் பாதிக்கு மேல் வேரே படாமல் கிடக்கும். தக்காளிக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, நான்கைந்து மாதத்தில் அதன் ஆயுளே முடிந்துவிடும். எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை போன்ற பல வருடச் செடிகளுக்குத்தான் ஆபத்து. வளைந்த வேர் அப்படியே தடித்து, பிறகு தரையில் நட்டாலும் தன் கழுத்தைத் தானே இறுக்கும்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மண் தொட்டி மூச்சு விடுமே தவிர வேரைக் கிள்ளாது. அதன் உட்சுவர் எப்போதும் ஈரமாக இருப்பதால் வேர் அதை ஒட்டிப் பாய் பின்னிவிடும். அதனால் பழ மரக் கன்றுகளுக்கு என் தேர்வு துணிப் பைதான்.

தரையில அப்படியே வைக்கக் கூடாதா? எதுக்கு ஸ்டாண்ட் செலவு?

ஸ்டாண்ட் வாங்க வேண்டாம், இரண்டு செங்கல் போதும். பையின் அடிப்பகுதிதான் அதிகம் ஈரம் தேங்கும் இடம். அதைத் தளத்தில் ஒட்டி வைத்துவிட்டால் எந்தப் பக்கம் அதிகம் மூச்சு வேண்டுமோ அந்தப் பக்கத்தையே அடைத்ததாகிவிடும். இரண்டு அங்குலம் தூக்கினால் அடியிலும் காற்று ஓடும், வேர் நுனி அங்கேயும் காயும், தளமும் ஊறாது.

என் கறிவேப்பிலைப் பையை இரண்டு வருடம் தரையிலேயே விட்டிருந்தேன். நகர்த்தலாம் என்று இழுத்தால் வரவில்லை. வேர் துணியைத் துளைத்து, தட்டோட்டுச் சந்துக்குள் இறங்கியிருந்தது. அறுத்துத்தான் எடுத்தேன். ஓடு பதிக்க ஆன செலவுக்கு நூறு செங்கல் வாங்கியிருக்கலாம்.

அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு நர்சரியில சொன்னாங்களே?

நானும் பல வருடம் போட்டேன். அதனால் பலன் இல்லை என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டி முடித்து நின்றுவிடும். இப்போது அதையே செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். அதே ஸ்பாஞ்சுதான், உயரம் கூடியதால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்குகிறது. அப்போதும் கீழ் ஓரம் மட்டும் சொதசொதவென்றே இருக்கும்.

தொட்டிக்குள் மண்ணும் இப்படித்தான். எந்தக் கலவையாக இருந்தாலும் அடியில் ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொடி மண்ணாக இருந்தால் பட்டை தடிமன், சொரசொரப்பான கலவையாக இருந்தால் மெல்லிசு. அடியில் ஜல்லி போட்டால் அந்த ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும். வேருக்குக் கிடைக்கும் நல்ல இடம்தான் குறையும். ஓட்டையின் மேல் மண் ஒழுகாமல் ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். தட்டையான தொட்டியைவிட உயரமான தொட்டி வேருக்கு நல்லது என்பதற்கும் இதே ஸ்பாஞ்சுதான் காரணம்.

துணிப் பையில காலையில ஊத்தினா சாயங்காலம் காஞ்சிடுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை, அது தன் வேலையைச் செய்கிறது. நாலு பக்கமும் மூச்சு விடுவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. திருச்சி வெயிலில் 12 அங்குலப் பைக்கு ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு வேளைத் தண்ணீர் தவிர்க்க முடியாது.

குறைக்க வழி இருக்கிறது. மேல் மண்ணில் காய்ந்த இலை அல்லது உரித்த தேங்காய் நாரை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். பைகளைத் தனித்தனியாக நிறுத்தாமல் நாலைந்தாகக் கூட்டி, மேற்கு வெயில் படும் பக்கத்தில் பச்சைப் பை ஒன்றை மறைப்பாக வையுங்கள். சின்னப் பை சீக்கிரம் காயும், அதனால் முடிந்தவரை ஓர் அளவு பெரியதாக எடுங்கள். கலவையில் தேங்காய் நார்க்கழிவைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் அது முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை உடனே பிடிக்காது. ஊற்றியது பக்கவாட்டில் வழிந்து ஓடும், நாமும் நனைந்துவிட்டது என்று நினைப்போம். அப்படிக் காய்ந்த பைக்கு ஒரு குவளை ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஊற்ற வேண்டும். பையைத் தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும்.

அடிக்கடி தண்ணீர் ஊற்றுவதால் சத்தும் கரைந்து வெளியேறும். எனவே மண்புழு உரத்தை மாதத்துக்கு ஒரு கூடையாகப் போடாமல் பதினைந்து நாளுக்கு ஒரு கைப்பிடி என்று பிரித்துப் போடுங்கள்.

கருப்புப் பைதான் கிடைக்குது. வெயிலுக்கு ஆகுமா?

கத்திரி வெயிலில் நேரடி வெயில் படும் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் ஓர மண் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர் வளர்வதை நிறுத்திவிடும். கருப்புத் துணிப் பை அவ்வளவு மோசம் இல்லை, பானை மாதிரி அதுவும் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். ஆனால் ஈரம் இருக்கும் வரைதான் அந்தக் குளிர்ச்சி. காய்ந்த கருப்புப் பை அடுப்புதான்.

மண் தொட்டிக்கு பெயிண்ட் அடிக்கலாமா? பார்க்க அழுக்கா இருக்கு.

எனாமல் பெயிண்ட் அடித்தால் காசு கொடுத்து வாங்கிய மூச்சைக் காசு கொடுத்தே அடைக்கிறீர்கள். அழகு வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள், இல்லையென்றால் காவி. இரண்டும் ஈரத்தை வெளியே விடும். சுண்ணாம்பு வெள்ளை என்பதால் வெயிலையும் திருப்பி அனுப்பும். விளிம்பில் மட்டும் பெயிண்டில் ஒரு கோலம் போட்டுக்கொள்கிறேன் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் குடி முழுகாது.

தொட்டிக்கு வெளியே வெள்ளையா பூத்திருக்கு. பூஞ்சையா? செடியைத் தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம், அது பெரும்பாலும் உப்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் உப்பும், நாம் போடும் உரத்தின் உப்பும் சுவர் வழியாக வந்து, தண்ணீர் ஆவியானதும் வெளியே படிந்துவிடுகின்றன. தொட்டி மூச்சு விடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும்.

வெளியே படிந்தது போக உள்ளேயும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இலை ஓரம் கருகினால் அதுதான் காரணமாக இருக்கலாம். மாதம் ஒருமுறை, அடியில் நன்றாக ஒழுகும் அளவுக்கு மெதுவாக இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை இதற்குச் செலவழியுங்கள். பச்சையாகப் படிந்திருந்தால் அது பாசி. நிழலும் ஈரமும் அதிகம் என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

காசு போட்டு எதுவும் வாங்க வேணாம்னு பார்க்கிறேன். பெயிண்ட் வாளி, அரிசி சாக்கு, பழக் கிரேட் எல்லாம் கிடக்கு.

இதில் ஜெயிப்பது பழக் கிரேட். மார்க்கெட்டில் தக்காளி வரும் அந்த ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் பெட்டிக்குள் பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாக விரித்து மண் போட்டால், கிட்டத்தட்டத் துணிப் பைக்குச் சமமாக மூச்சு விடும். கீரைக்கும் முள்ளங்கிக்கும் நான் இதைத்தான் வைக்கிறேன்.

அரிசி சாக்கு பிளாஸ்டிக் இழையில் நெய்தது. மேல் படலம் ஒட்டாத சாக்காக இருந்தால் நன்றாகவே மூச்சு விடும், ஆனால் வெயிலைத் தாங்காது. ஒரு கோடை போனால் தொட்டதும் பொடியாக உதிரும், அந்தப் பிளாஸ்டிக் தூள் மண்ணோடு கலந்து தொலையும். அதனால் நான் விட்டுவிட்டேன். சணல் கோணிக்கு அந்தத் தொல்லை இல்லை, மக்கினால் உரம். ஒரு போகத்துக்குத்தான் வரும், இஞ்சி மஞ்சள் வைத்தால் அறுவடை ஆகும்போது கோணியும் முடிந்திருக்கும்.

பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் ஏழெட்டு ஓட்டை, பக்கவாட்டில் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் ஒரு வரிசை ஓட்டை போடுங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பி போதும், புகையை மட்டும் முகராதீர்கள். பக்க ஓட்டை இருப்பதால் அது துணிப் பை ஆகிவிடாது. ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் காற்று போகும், மிச்சச் சுவர் பிளாஸ்டிக்தான். ஆனாலும் ஓட்டையில்லாத வாளியைவிட எவ்வளவோ தேவலை.

12க்கு 12 பையில எவ்வளவு மண் பிடிக்கும்? எங்க மாடி தாங்குமா சார்?

இப்படிக் கேட்டது கீழ்த்தெரு தம்பி, என் வீட்டுக்காரரிடம். அவர் என்னைக் கைகாட்டினார். 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள வட்டப் பை விளிம்பு வரை 22 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டால் சுமார் 18 லிட்டர் கலவை. வெறும் செம்மண்ணை நிரப்பி நனைத்தால் 30 கிலோவை நெருங்கும். நார்க்கழிவு பாதி சேர்ந்த கலவை என்றால் 20 கிலோவுக்குள் அடங்கும். மண் தொட்டி என்றால் தொட்டியின் சொந்தக் கனம் தனி.

ஆட்கள் ஏறிப் புழங்கும் கான்கிரீட் மாடிக்குக் கட்டட விதிகள் எடுத்துக்கொள்ளும் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஒரு சதுர மீட்டரில் நெருக்கி அடுக்கினால் ஒன்பது பை நிற்கும். செம்மண் பை ஒன்பது என்றால் 270 கிலோ, அதாவது வரம்புக்கு ரொம்ப மேலே. நாலு பையோடு நிறுத்துங்கள், கனமான பைகளைக் கீழே சுவர் ஓடும் ஓரங்களில் வையுங்கள். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் ஒட்டு மாடி என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஒரு பையும் ஏற்றாதீர்கள்.

பெரிய தொட்டியா வாங்கிட்டா மாத்தவே வேணாம்ல?

சின்ன நாற்றுக்குப் பெரிய தொட்டி, குழந்தைக்கு அப்பா சட்டை மாதிரி. வேர் ஒரு கைப்பிடி, மண் இருபது லிட்டர். வேர் எட்டாத இடத்தில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும், அங்கேதான் அழுகல் ஆரம்பிக்கும். துணிப் பையில் இந்த ஆபத்து குறைவு, சுவர் உலர்த்திவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றை நேராக 12 அங்குலத் துணிப் பையில் வைக்கலாம். பிளாஸ்டிக்கில் எலுமிச்சை என்றால் படிப்படியாக மாற்றுவதுதான் சரி.

எல்லாச் செடிக்கும் இந்த மூச்சு விடுற தொட்டிதான் நல்லதா?

இல்லை. புதினா, வல்லாரை, வெற்றிலை, சேப்பங்கிழங்கு, பெரணி இவையெல்லாம் ஈரம் விரும்பிகள். மண் தொட்டியில் வைத்தால் உங்களைத் தண்ணீர்க் குடத்தோடு அலையவிடும். பிளாஸ்டிக்கில் நிழலில் வையுங்கள், நிம்மதி.

மாறாக அடீனியம், கற்றாழை, கள்ளி வகைகள், ரோஜா, மல்லி எல்லாம் மண் தொட்டியில் சொகுசாக இருக்கும். ஆர்கிட் இன்னும் ஒரு படி மேலே: காட்டில் மரத்தில் தொற்றி வளரும் வகைகளின் வேர் காற்றிலேயே தொங்கும். அதற்குத்தான் பக்கமெல்லாம் துளை போட்ட மண் தொட்டி, அதில் கரித்துண்டும் ஓட்டுச் சில்லும். மண் போட்டால் அழுகிவிடும்.

மண் தொட்டியில வச்சும் என் ரோஜா அழுகிடுச்சு. அப்ப நீங்க சொன்னதெல்லாம்?

நேரில் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் ஓர வண்டலை அப்படியே அள்ளி நிரப்பியிருந்தார். தொட்டியின் சுவர், ஓரத்தில் உள்ள மண்ணைத்தான் உலர்த்த முடியும். நடுமண் களியாக இறுகியிருந்தால் காற்று அங்கே எப்படிப் போகும்? ஸ்பாஞ்ச் கணக்குப்படி பொடியான வண்டலில் ஈரப் பட்டையும் தடிமன். வயலுக்கு நல்ல மண் தொட்டிக்கு நல்ல மண்ணாக இருக்க வேண்டியதில்லை.

என் கலவை ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ, அரைப் பங்கு சொரசொரப்பான ஆற்றுமணல். நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் இரண்டு மூன்று முறை கழுவிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். அழுகிய வேரைப் பார்த்தால் பழுப்பாக, தோல் தனியாக உருவி வரும், சாக்கடை நாற்றம் அடிக்கும். பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமியின் வேலையாக இருக்கலாம். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தியே வேருக்குப் போகும். தேங்கிய தண்ணீர் அதற்கு நீச்சல் குளம்.

தட்டு வைக்கலாமா? மண் தொட்டியைப் பீங்கான் தொட்டிக்குள்ள இறக்கி ஹால்ல வைக்கலாமா?

வைக்கலாம். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டில் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும், கொசுவுக்காகவும். வெளித்தொட்டி உள்தொட்டியைவிட ஒரு விரல் அகலமாவது பெரியதாக இருக்கட்டும், அடியில் கூழாங்கல் போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். இறுக்கமாக இறக்கினால் சுவர் மூச்சு விட இடமில்லை, முன்னால் சொன்ன பெயிண்ட் கதைதான்.

ஐப்பசி மழையில விடாம நனையுதே, அப்ப எந்தத் தொட்டி தாங்கும்?

வடகிழக்குப் பருவமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் எந்தச் சுவரும் வேகமாக உலர்த்தாது. ஆனால் மழை விட்ட மறுநாள் துணிப் பை முதலில் தேறும், பிளாஸ்டிக் கடைசியில். அக்டோபருக்கு முன்னாலேயே எல்லா ஓட்டைகளையும் ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிடுங்கள். வேரோ மண்ணோ அடைத்திருக்கும். என் வீட்டில் ஒரு மழையில் போன மூன்று அடீனியமும் ஓட்டை அடைத்தே போயின, மூன்றுமே அருமையான மண் தொட்டியில்.

மூணு வருஷமா பிளாஸ்டிக் தொட்டியில இருக்கிற எலுமிச்சையைத் துணிப் பைக்கு மாத்தணும். வேர் சுத்திக்கிட்டு இருக்கு, அப்படியே வச்சா சரியாயிடுமா?

ஆகாது. துணிப் பை இனிமேல் வரும் வேரைத்தான் கிள்ளும், ஏற்கெனவே முறுக்கிக்கொண்டதை அது நிமிர்த்தாது. முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மாலையில் தொட்டியைப் படுக்க வைத்துத் தட்டி, மண்கட்டியோடு உருவுங்கள். வெளியே பாயாகப் பின்னிய வேரைக் கூரான கத்தியால் மேலிருந்து கீழாக நாலு பக்கமும் ஓர் அங்குல ஆழத்துக்குக் கீறுங்கள். அடியில் சுருண்ட வட்டத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். தண்டை ஒட்டிச் சுற்றிய தடித்த வேர் ஏதாவது இருந்தால் அதையும் விடாதீர்கள்.

வேர் குறைந்த அளவுக்கு மேலே கிளையையும் கொஞ்சம் குறையுங்கள். 18 அங்குலப் பையில், பழைய மண்மட்டம் எங்கே இருந்ததோ அதே மட்டத்தில் வைத்து, ஓரங்களில் கலவையை இறுக்காமல் நிரப்புங்கள். பத்து நாள் நிழல். இலை கொஞ்சம் உதிரும், பயந்து உரம் போடாதீர்கள். வேலையை ஆடியில் அல்லது தையில் வைத்துக்கொள்ளுங்கள், மே மாதத்தில் வேண்டாம். புதுத் தளிர் வந்த பிறகு செங்கல்லோடு வெயிலுக்கு நகர்த்தலாம்.